அப்பாவுக்குப் பசிக்காத ஊர்கள்

சால்ஸ்பர்க் கோட்டை மேல் நின்றுகொண்டு மதியம் பன்னிரண்டரைக்கு அப்பாவிடம் சாப்பிடலாமா என்று கேட்டேன். "பசிக்கலம்மா. சுத்திப் பாத்துட்டு கீழ போயி சாப்பிட்டுக்கலாம்" என்றார். நானும் நம்பினேன். காலை ஏழு மணிக்கு மியூனிக்கில் என் வீட்டில் நாலு இட்லி சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு கிளம்பியவர் அவர்.

கீழே இறங்கும்போது மணி மூன்றாகிவிட்டது. முதலில் நுழைந்த உணவகத்தில் அடுப்பை அணைத்தாயிற்று, இனி ஐந்தரைக்குத்தான் என்றார்கள். அடுத்த கடையிலும் அதே பதில். மூன்றாவது கடை வாசலில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை, விரல்கள் நடுங்கின. எதிரே இருந்த பேக்கரிக்கு ஓடி ஒரு ஆப்பிள் ஜூஸும் ஒரு பிரெட்சலும் வாங்கி வந்தேன். பத்து நிமிஷத்தில் முகம் தெளிந்தது. இதற்கென்றே அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒரு கிலோவும், ரயில் நிலைய லாக்கரில், பெரிய பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

ராத்திரி வியன்னா ரயிலில் அப்பா தூங்கிய பிறகு அம்மா மெதுவாகச் சொன்னாள். "ஏட்டி, மேல போர்டுல வெலையப் பாத்தாக. ஒரு சூப்பு ஏழு யூரோ. தொண்ணூறால பெருக்கி அறுநூத்தி முப்பது ரூவான்னாக. அப்புறம் எங்கிட்டுப் பசிக்கும்?"

பெற்றோரோடு ஐரோப்பாவில் சாப்பிடுவதில் சைவம் கிடைக்குமா என்பதுதான் பெரிய கவலை என்று நினைத்திருந்தேன். மே கடைசியில் அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா, புடாபெஸ்ட் எல்லாவற்றுக்கும் சைவ உணவகப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் பாதிக்குக்கூட நாங்கள் போகவில்லை. 'பசிக்கல', 'இருக்கட்டும்', 'நீ சாப்பிடு, நான் ஒரு வாய் எடுத்துக்கிடுதேன்' என்ற மூன்று வாக்கியங்களைப் படிக்கத் தெரியாததுதான் உண்மையான சிக்கல். 'பசிக்கல' என்றால் விலை அதிகம். 'இருக்கட்டும்' என்றால் அது என்னவென்று தெரியவில்லை, கேட்க வெட்கமாக இருக்கிறது. 'ஒரு வாய் எடுத்துக்கிடுதேன்' என்றால் நிஜமாகவே பசிக்கிறது.

அம்மா சைவம். பிறந்ததிலிருந்து அல்ல. எனக்கு டைபாய்டு வந்தபோது வேண்டிக்கொண்டு விட்டது, இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அப்பாவுக்கு இன்றுவரை மீன் குழம்பு வைப்பது அவள்தான். ருசி பார்க்காமல் வாசனையிலேயே உப்பு சொல்லிவிடுவாள். அப்பா கோழி, மீன் சாப்பிடுவார். மாடும் பன்றியும் கிடையாது. மத்திய ஐரோப்பாவில் இந்த இரண்டும் இல்லாத தட்டைத் தேடுவது எங்கள் ஊரில் தேங்காய் இல்லாத சமையலைத் தேடுவது மாதிரி.

பயணத்துக்கு முன் பெட்டி கட்டும்போதே ஒரு சண்டை நடந்தது. அம்மா இரண்டு கிலோ நெய் உருக்கி வைத்திருந்தாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. பழம், காய்கறி, இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆக நெய் கூடாது, கறிவேப்பிலை கூடாது, தேங்காய் வரலாம். மீன் வகைகளுக்குத் தனி விதி, 20 கிலோ வரை சொந்த உபயோகத்துக்கு அனுமதி. இதைக் கேட்டதும் அப்பா "அப்போ கருவாடு கொண்டாரலாமே" என்று உற்சாகமாகிவிட்டார். சட்டம் விட்டாலும் என் பக்கத்து வீட்டுக்காரர் விடமாட்டார் என்று சொல்லித் தடுத்தேன்.

நெய்க்கு வருத்தப்பட்ட அம்மாவை இங்கே சூப்பர் மார்க்கெட்டில் சமாதானப்படுத்தினேன். பூட்டர்ஷ்மால்ட்ஸ் என்று ஒரு டப்பா இருக்கும். உருக்கிய வெண்ணெய், அதாவது நம் நெய்யேதான். ஆனால் வெறும் ஷ்மால்ட்ஸ் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பாதிக் குழப்பம் தீரும். பொரித்த எதைக் கேட்டாலும், எதில் பொரிக்கிறீர்கள் என்று சேர்த்துக் கேட்டுவிடுவேன். இன்னொரு கண்டுபிடிப்பு மில்ஷ்ரைஸ். பால் சாதத்துக்காக விற்கும் குண்டு அரிசி. குழைய வேகும், தயிர் சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி இங்கே நான் பார்க்கவில்லை. போகிற ஊரில் எல்லாம் சமையலறை உள்ள வீடாக எடுத்து, காலையும் ராத்திரியும் நம் சாப்பாடு, மதியம் மட்டும் அந்த ஊர்ச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டதும் இதை நம்பித்தான். மூன்று வேளையும் வெளியே சாப்பிட வைத்தால் நாலாவது நாள் வயிறு மட்டுமல்ல, மனசும் கெட்டுப்போகும்.

மியூனிக்கில் ஒரு பியர் கார்டனுக்குக் கூட்டிப்போனேன். பியர் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டை நாமே கட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள். இது உண்மை. 1812இல் பவேரிய மன்னர் முதலாம் மேக்ஸிமிலியன் ஜோசப் காலத்தில், பியர் காய்ச்சுபவர்கள் தங்கள் நிலவறைத் தோட்டத்தில் பியர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது என்று உத்தரவு. மற்ற விடுதிக்காரர்களின் பிழைப்பைக் காப்பாற்றத்தான். அதனால் ஜனங்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றும் மேஜை விரிப்பு போடாத பெஞ்சுகளில் உட்கார்ந்தால் சொந்தச் சாப்பாட்டைப் பிரிக்கலாம், பானம் மட்டும் அங்கே வாங்க வேண்டும். அம்மா புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து எடுத்துவந்தாள். கஷ்கொட்டை மரத்தடியில் நாங்கள் டப்பாவைத் திறக்க, பக்கத்தில் இருந்த வயதான தம்பதி சுருள் சுருளாக வெட்டி உப்புத் தூவிய வெள்ளை முள்ளங்கியை நீட்டினார்கள். அம்மா பதிலுக்கு வறுவலைக் கொடுத்தாள். முள்ளங்கியைச் சாம்பாரில் போடாமல் இப்படியும் தின்னலாமா என்பது அன்றைய பெரிய விஷயம். அப்பாவுக்கு ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ஷோர்லே வாங்கித் தந்தேன். நிறம் பியர் மாதிரியே இருக்கிறது, போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டுவிடாதே என்று மூன்று தடவை சொன்னார்.

வியன்னாவில் பாடத்தை மாற்றினேன். கேட்பதை நிறுத்தினேன். பன்னிரண்டரை மணி ஆனால் உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். வேலை நாட்களில் வியன்னாவின் சாதாரண உணவகங்களில் மிட்டாக்ஸ்மெனு என்று மதியச் சாப்பாடு போடுவார்கள். சூப்பும் ஒரு முக்கிய உணவும் சேர்த்து, ராத்திரி விலையைவிட நன்றாகக் குறைவாக இருக்கும். பலகை ஜெர்மனில் எழுதியிருப்பதால் அப்பாவால் படிக்க முடியாது என்பது கூடுதல் வசதி. ஆனால் எண்ணைப் படிக்க மொழி எதற்கு? அதனால் பலகைக்கு முதுகு காட்டும் நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன். நேரம் தவறிப்போனால் வாசலில் 'துர்ஹ்கேஹெண்ட் வார்மே கூஹே' என்று எழுதியிருக்கிறதா பார்க்கலாம். நாள் முழுக்க அடுப்பு எரியும் கடை என்று பொருள். சால்ஸ்பர்க்கில் எனக்கு இது நினைவுக்கு வரவில்லை.

சூப்பில்தான் சறுக்கினேன். தோசையை நூல் நூலாக நறுக்கிப் போட்ட மாதிரி ஒரு சூப், ஃப்ரிட்டாட்டன்சுப்பே. இறைச்சி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார் பரிமாறியவர். அம்மாவுக்கு முன் நான் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். மாட்டு எலும்புச் சாறு. அவர் பொய் சொல்லவில்லை, துண்டு எதுவும் இல்லைதான். அதிலிருந்து 'இறைச்சி இருக்கிறதா' என்று கேட்பதில்லை. 'தண்ணீர் காய்கறி வேகவைத்ததா, எலும்பு வேகவைத்ததா' என்று கேட்கிறேன்.

அம்மாவும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். கேஸே என்றால் சீஸ் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, நான் டிக்கெட் வாங்கப் போன ஐந்து நிமிஷத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டியில் லேபர்கேஸே என்று எழுதியிருந்ததை விரலால் காட்டி ஒரு துண்டு வாங்கிவிட்டாள். ரொட்டிக்குள் வைத்துத் தந்திருந்தார்கள். பெயரைப் பிரித்தால் 'ஈரல் சீஸ்'. அதில் சீஸ் கிடையாது, மாடும் பன்றியும் அரைத்து அச்சில் வைத்துச் சுட்ட இறைச்சி. நல்லவேளை, 'ஆறட்டும்' என்று கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. "நானே கேட்டு வாங்கணும்னு நெனச்சேன்" என்றாள். எல்லாவற்றுக்கும் மகள் வாயைப் பார்த்து நிற்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று மாலையே ஒரு அட்டையில் ஜெர்மனில் 'நான் இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு சாப்பிடமாட்டேன். பால், முட்டை சாப்பிடுவேன்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அந்த அட்டையோடு தனியாகப் போய் ஒரு கெர்ம்க்னோடல் வாங்கி வந்தாள், வெற்றி வீராங்கனை மாதிரி.

கெர்ம்க்னோடல் என்பது ஆவியில் வெந்த பெரிய உருண்டை. உள்ளே ப்ளம் பழ ஜாம், மேலே உருக்கிய வெண்ணெயும் சர்க்கரையோடு பொடித்த கசகசாவும். "கொழுக்கட்ட!" என்றாள். அரிசிக்குப் பதில் ஈஸ்ட் போட்ட கோதுமை மாவு, பூரணத்துக்குப் பதில் ஜாம், அவ்வளவுதான் வித்தியாசம். கசகசாவை இவ்வளவு தாராளமாகக் கொட்டுகிறார்களே என்று அவளுக்குத் தாங்கவில்லை. ஊருக்கு அரை கிலோ வாங்கிப் போகிறேன் என்றாள். அவர்கள் திரும்புவது துபாய் வழி. அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். பை மாறி எங்காவது திறந்து பார்த்தால் என்ன ஆகும் என்று விளக்கி, வாங்கிய பாக்கெட்டை என் அலமாரிக்கு மாற்றினேன். வளைகுடா வழியாகப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அப்பாவுக்கு ஷ்னிட்சல் வாங்கலாம் என்றால், ஆஸ்திரியாவில் 'வீனர் ஷ்னிட்சல்' என்ற பெயரைக் கன்றுக்குட்டி இறைச்சிக்குத்தான் வைக்கலாம். "கன்னுக்குட்டியா?" என்று அவர் கேட்ட குரலில் அந்தப் பேச்சு முடிந்தது. பாக்ஹெண்டல் என்று கோழியை அதேபோல ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள், அதைக் கொடுத்தேன். எண்ணெயில் பொரித்ததுதான், கேட்டுவிட்டேன். எலும்பைக்கூட விடவில்லை. காபிக் கடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், வெள்ளித் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்த மெலாஞ் என்ற பால் காபியைக் குடித்துவிட்டு அம்மா தந்த தீர்ப்பு: "டிக்காஷன் சரி. பால் ஆறிப்போச்சு."

புடாபெஸ்டில் அப்பாவுக்குப் பசிக்க ஆரம்பித்தது. காரணம் சமையல் அல்ல, கணக்கு. ஹங்கேரியில் யூரோ இல்லை, ஃபோரிண்ட். நாங்கள் போன சமயம் ஒரு ரூபாய்க்கு நாலு ஃபோரிண்டுக்குச் சற்று மேல். அதாவது விலையைப் பெருக்க வேண்டாம், வகுத்தால் போதும். 2,000 என்று எழுதியிருந்தால் ஐந்நூறு ரூபாய்க்கும் கீழே. வேதியியல் ஆசிரியராக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மனுஷனுக்கு, எண் சிறியதாகிக்கொண்டே போவதைப் பார்த்ததில் அப்படி ஒரு நிம்மதி. முதல் நாளே அவராகவே "அது என்ன, பூரி மாதிரி?" என்று நின்றார். லாங்கோஷ். புளித்த மாவை எண்ணெயில் பொரித்து, பூண்டுத் தண்ணீர் தடவி, புளித்த பாலேடும் துருவிய சீஸும் போட்டுத் தருவார்கள். சோலா பூரியின் ஹங்கேரிய ஒன்றுவிட்ட தம்பி. ஒன்று வாங்கி மூன்று பேர் சாப்பிட்டால் போதும். ஆளுக்கொன்று வாங்கினால் சாயங்காலம் வரை யாரும் நடக்கமாட்டார்கள்.

ஹங்கேரி என்றால் குயாஷ் என்கிற மாட்டிறைச்சி சூப்தான் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்குக் கிடைத்த புதையல் வேறு. ஃபோசெலேக் என்று வீட்டுச் சாப்பாடு, வேலைக்குப் போகிறவர்கள் மதியம் சாப்பிடும் சின்ன மெஸ்களில் கிடைக்கும். ஏதாவது ஒரு காயை வேகவைத்து, மாவும் புளித்த பாலேடும் சேர்த்துக் கெட்டியாக்கியது. கீரை, பச்சைப் பட்டாணி, உருளைக்கிழங்கு, துவரைக்குப் பதில் மைசூர் பருப்பின் அண்ணன் மாதிரி ஒரு பருப்பு. மேலே கறித் துண்டோ முட்டையோ வைப்பார்கள். கறி வேண்டாம் என்று சொன்னால் வெறுமனே தருவார்கள். துருவிய சுரைக்காய் மாதிரி ஒரு காயில் செய்ததை வாங்கினோம். அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். "கூட்டுதான் இது. தேங்காய் அரைச்சு விடல, அம்புட்டுதான். அந்த வாசனை... சதகுப்பை! ஒன்னப் பெத்தப்போ லேகியத்துல போட்டாக." எனக்கு அது டில் என்ற இலையாக மட்டுமே தெரியும். அடுத்த மூன்று மதியமும் அதே மெஸ். அந்தக் கடைப் பெண்மணிக்கும் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. மூன்றாம் நாள் கேட்காமலே கறி வைக்காமல் கொடுத்தார்.

1897இல் கட்டிய மத்தியச் சந்தைக்கு ஒரு காலை போனோம். மேல்மாடி சாப்பாட்டுக் கடைகள் சுற்றுலா விலை, பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். கீழ்த்தளத்தில் சரம் சரமாகத் தொங்கும் மிளகாயும் மூட்டை மூட்டையாக மிளகாய்த் தூளும். அதன் முன்னால் அப்பா நின்றுவிட்டார். "இது அந்த ஆளு ஊர்லா?" என்றார். யார் என்றேன். "செயின்ட் ஜியார்ஜி. வைட்டமின் சி. 1937 நோபல். முப்பது வருசம் பாடம் எடுத்தேன்." ஆல்பர்ட் செயின்ட் ஜியார்ஜி, தெற்கே செகெட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது அந்த வைட்டமின் சியை, கிலோக் கணக்கில் பிரித்தெடுக்க அவருக்குக் கைகொடுத்தது அந்த ஊர் மிளகாய். ஒரு ராத்திரி வீட்டில் மிளகாய் சமைத்திருந்தார்களாம். அவருக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தயங்கி, சோதித்துப் பார்க்கிறேன் என்று ஆய்வகத்துக்கு எடுத்துப் போனாராம். அவரே பின்னாளில் சொன்ன கதை என்று அப்பா சொன்னார். "நம்மள மாதிரிதான். 'பசிக்கல'ன்னு சொல்லாம வேற காரணம் சொல்லிருக்காரு" என்று அவரே சிரித்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

நம் ஊருக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்த மிளகாய், இங்கே துருக்கியர் ஆட்சிக் காலத்தில் வந்து சேர்ந்தது. இரண்டு பேருக்கும் அமெரிக்கக் கண்டத்து விருந்தாளிதான். வாங்கும்போது பாக்கெட்டில் ஏதெஷ் என்றிருந்தால் இனிப்புத் தூள், நிறத்துக்கு மட்டும். சிப்போஷ் என்றிருந்தால் காரம்.

கடைசி நாள் ஹலாஸ்லே. மீனவர் சூப் என்று அர்த்தம். ஆற்றுக் கெண்டை மீனை வெங்காயமும் மிளகாய்த் தூளும் போட்டுச் செக்கச்செவேலென்று கொதிக்கவிடுவது. சின்னக் கொப்பரையில் கொண்டுவந்து வைத்தார்கள், பக்கத்தில் வெள்ளை ரொட்டி, தனியாகப் பச்சை மிளகாய். கெண்டையில் முள் அதிகம், வயதானவர்கள் சாப்பிடும்போது வெளிச்சமான மேஜையாகப் பார்த்து உட்காருவது நல்லது. அப்பாவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, முள்ளை நாக்கிலேயே ஒதுக்கினார். அம்மா எட்டி முகர்ந்து பார்த்தாள். "புளி விடல. உப்பு சரியா இருக்கு." அவர் தலையாட்டினார். கிண்ணம் காலியானதும் சுற்றிப் பார்த்துவிட்டு ரொட்டியால் வழித்தார். மேஜையில் இருந்த எரோஷ் பிஷ்டா என்ற மிளகாய் விழுதைக் கரண்டி கரண்டியாக எடுத்ததைப் பார்த்துப் பரிமாறும் பையன் சிரித்தான். பிஷ்டா என்பது இஷ்த்வான் என்ற பெயரின் செல்லச் சுருக்கம், 'காரமான பிஷ்டா' என்று வைத்துக்கொள்ளலாம். மிளகாயும் உப்பும்தான், எண்ணெய் விடாத மிளகாய்த் துவையல். ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள் என்று பெரிய பெட்டிக்குள், கடலை மிட்டாய் இருந்த அதே இடத்தில், துணிகளுக்கு நடுவே வைத்தோம். மிட்டாய் இப்போது அப்பாவின் சட்டைப் பையில்.

ஊர் போய்ச் சேர்ந்து பதினோராம் நாள் போன் வந்தது. அம்மா, சுரைக்காய் கூட்டுக்குத் தேங்காய் அரைக்காமல் தயிர் விட்டுப் பார்த்தேன், திரிஞ்சுபோச்சு என்றாள். கடைசியில் மாவு கரைத்து விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா போனை வாங்கினார்.

"அந்த பிஷ்டா தீந்து போச்சும்மா. தோசைக்கு நல்லாருக்கு. எவ்வளவு ஃபோரிண்ட் ஆச்சுன்னு சொல்லு, நான் வகுத்துக்கிடுதேன்."